கல்லூரி தேடிய மாணவி: கொர்னேலியா சொராப்ஜி (1866 – 1954)

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததே. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, விடுதியில் விடுவதா, உறவினர் வீட்டில் விடுவதா என்று இரவுச் சாப்பாடு முடிந்த பின்னரும் பேச்சு நீளும். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவியரின் வீடுகளிலும் ஊர்களின் பெயர்கள் மாறுமேயொழியப் பேச்சு அதுவேதான். பிள்ளை கெட்டிக்காரியாக இருந்துவிட்டால் பெற்றோரின் கவலை குறைந்துவிடுவதில்லை. சில வேளைகளில் அது கூடுவதும் உண்டு.

நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, படிக்க ஆசையும் தகுதியும் நிறைந்திருந்தும் சேர்ந்து படிக்க ஓர் இடம் இல்லாதிருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையே எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் நம் நாட்டவர் அல்லர். இருந்தபோதிலும், ஒரு கிறிஸ்தவ வீட்டில், பாடசாலை மணியோசைக்கு நடுவே வளர்ந்த கெட்டிக்காரப் பெண் அவர். அப்படியானவர்களை நம் கல்லூரி நன்கு அறியும். ஆகவே அவருடைய கதை நமக்கு அந்நியமானதன்று.

பிறந்த வீடு

கொர்னேலியா சொராப்ஜி 1866 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி மேற்கிந்தியாவிலுள்ள நாசிக் நகரில் பிறந்தார். தந்தை வணக்கத்துக்குரிய சொராப்ஜி கர்சேட்ஜி பார்சிக் குடும்பமொன்றில் பிறந்து, இளவயதிலேயே கிறிஸ்தவராகி, அதனால் சொந்தச் சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானவர். பின்னர் சி.எம்.எஸ். மிஷனில் ஊழியராகப் பணிபுரிந்தார். தாய் பிரான்சினா ஓர் ஆங்கிலத் தம்பதியரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். தம்மை வளர்த்த அந்த அம்மையாரின் பெயரையே தம் மகளுக்கு இட்டார்.

குடும்பம் பெரியது, பெண்பிள்ளைகளே அதிகம். அக்காலத்து ஊர்வழக்கப்படி பார்த்தால் பெற்றோர் இருவரும் பரிதாபத்துக்குரியவர்களாக எண்ணப்பட்டிருப்பர். ஆனால் அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் பாரமாக நினைக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பணிக்கென ஆயத்தப்படுத்தப்பட்டார்கள். பின்னாளில் கொர்னேலியாவின் சகோதரியருள் ஒருவரான அலிஸ் வைத்தியரானார். இன்னொருவரான சூசி பூனாவில் பாடசாலை நடத்தினார்.

பிரான்சினா அம்மையார் 1876 இல் பூனா நகரில் விக்டோரியா உயர்தரப் பாடசாலையை ஆரம்பித்தார். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனப் பல இனத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக இருந்து படித்தார்கள். அக்காலத்தில் அது ஒரு துணிச்சலான காரியம். வேதாகமமும் செபமும் நிறைந்த வீட்டில் வளர்ந்த கொர்னேலியா, பிற சமயப் பிள்ளைகளோடு விளையாடியும் படித்தும் பழகியது இங்கேதான். அவருடைய பிற்காலப் பணிக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு உதவியது என்பதைப் பின்னர் காண்போம்.

வாசலில் வந்து நின்ற பெண்

அம்மாவைத் தேடி அந்த வீட்டுக்குப் பல பெண்கள் வருவார்கள். அவர்களுள் ஒருவரைக் கொர்னேலியா ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. கொர்னேலியா அப்போது சிறு பிள்ளை. வந்தவர் செல்வச் செழிப்புள்ள ஒரு குஜராத்திக் கைம்பெண். அவருடைய சொத்துகளைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தன் நீட்டிய கடதாசியில் நம்பிக் கையெழுத்திட்டு, உள்ளதையெல்லாம் இழந்துவிட்டு வந்திருந்தார். அந்நிய ஆணின் முகம் பார்க்கக்கூடாத திரைமறைவு வாழ்க்கை அவருடையது. ஆகவே சட்டத்தரணி ஒருவரிடம் நேரில் போய் முறையிட அவருக்கு வழியில்லை.

அந்தப் பெண்ணுக்கு உரிமை இருந்தது. அதை எடுத்துப் பேசத்தான் ஆள் இருக்கவில்லை. சட்டம் படித்த ஒரு பெண் இருந்தால் அந்த அந்தப்புரத்துக்குள் போய் அவருடைய வழக்கைக் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் கொர்னேலியாவின் மனதில் விதையாக விழுந்தது. மகளின் எண்ணத்தைத் தாய் சிரித்து ஒதுக்கவில்லை. அதை ஊக்கப்படுத்தி வளர்த்தார்.

இதை இங்கே சற்று விரிவாகச் சொல்லக் காரணமுண்டு. கல்லூரி எது என்ற கேள்வி எழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே, எதற்காகப் படிப்பது என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளையிடம் விடை இருந்தது. பிற்பாடு வந்த ஒவ்வொரு தெரிவையும் அந்த விடையைக் கொண்டே அவர் அளந்து பார்த்தார்.

தெரிவு செய்ய ஒன்றே ஒன்று

பம்பாய்ப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் ஆண்களை மனதில் வைத்தே விதிகளை எழுதியிருந்தது. கொர்னேலியாவின் மூத்த சகோதரியருக்காக அவருடைய தந்தை அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார், அது திறக்கவில்லை. ஆனாலும் தட்டியது வீண்போகவில்லை. விதிகள் தளர்ந்த வேளையில் கொர்னேலியா ஆயத்தமாக இருந்தார். 16 வயதில் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் சித்தியடைந்தார்.

அடுத்து எங்கே போவது? இன்று நம் பிள்ளைகள் பட்டியல் போட்டு ஆராய்வது போல ஆராய அவருக்கு வாய்ப்பிருக்கவில்லை. பெற்றோரின் வீடு இருந்த பூனா நகரிலேயே டெக்கான் கல்லூரி இருந்தது. அது அரசாங்கக் கல்லூரி. ஆற்றுக்கு அப்பால், எரவாடாப் பக்கத்தில் அமைந்திருந்தது. 1821 இல் சமஸ்கிருதக் கல்லூரியாக ஆரம்பித்து வளர்ந்த நிறுவனம். பாலகங்காதர திலகர் போன்றோர் படித்து வெளியேறிய இடம். அதுவரை அங்கே ஒரு பெண்கூட மாணவியாகக் காலடி வைத்ததில்லை.

ஒரு மிஷன் ஊழியரின் மகள் இத்தகைய அரசாங்கக் கல்லூரிக்கு, அதுவும் ஆண்கள் மட்டுமே படிக்கும் இடத்துக்குப் போவதா என்று அன்றைய கிறிஸ்தவ வீடுகளில் கேட்டிருப்பார்கள். இன்றும் சில வீடுகளில் கேட்கிறார்கள். கொர்னேலியாவின் பெற்றோர் அனுப்பினார்கள். பிள்ளைக்கு வேண்டிய விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் வீட்டிலேயே கொடுத்திருக்கிறோம், கல்லூரி கல்வியைக் கொடுக்கட்டும் என்ற துணிவு அவர்களுக்கு இருந்திருக்கவேண்டும்.

கல்லூரி வாழ்க்கை இனிமையாகத் தொடங்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு மத்தியில் ஒரே ஒரு பெண். விரிவுரை மண்டபத்துக்குள் அவர் நுழையப்போகும் வேளையில் சில மாணவர்கள் முகத்துக்கு நேரே கதவை அடித்துச் சாத்துவார்கள். அவர் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. காத்து நின்று உள்ளே போனார். சேலையுடுத்து, தலை நிமிர்ந்து, தம் ஆசனத்தில் அமர்ந்து பாடங்களைக் கேட்டார். பட்டப் பரீட்சையின் பெறுபேறு வந்தபோது முதல் வகுப்பில் சித்தியடைந்து, தம் கல்லூரியில் முதலிடத்தில் நின்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பெண் பட்டதாரி என்ற பெயரும் அவருக்கு உரியதாயிற்று.

வங்காளத்தில் ஒரு சகோதரி

இதே காலப்பகுதியில் கல்கத்தாவில் இன்னொரு கிறிஸ்தவப் பெண்ணும் கல்லூரி தேடி அலைந்தார் என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். அவர் பெயர் சந்திரமுகி பாசு. பெண்களின் கல்விக்கென்று கல்கத்தாவில் புகழோடு விளங்கிய பெதூன் பாடசாலை அந்நாட்களில் இந்துப் பெண்களையே சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவரான சந்திரமுகிக்கு அங்கே இடமில்லை. ஆகவே அவர் ஸ்கொத்லாந்து மிஷனரிமாரின் நிறுவனத்தில் சேர்ந்து படித்தார். பின்னர் பெதூனின் விதி மாறியது. 1883 இல் அவரும் காதம்பினி அம்மையாரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரிகளாயினர். காலம் செய்த விந்தையைப் பாருங்கள்: ஒருகாலத்தில் தம்மைச் சேர்த்துக்கொள்ளாத அதே பெதூன் கல்லூரிக்குச் சந்திரமுகி பின்னாளில் அதிபரானார்.

கொர்னேலியாவைப் பெண் என்பதற்காக ஒரு கதவு மறித்தது. சந்திரமுகியைக் கிறிஸ்தவர் என்பதற்காக இன்னொரு கதவு மறித்தது. இருவருமே கிடைத்த வாசலால் உள்ளே போய்ப் படித்தார்கள்.

கிடைக்காமற்போன புலமைப்பரிசில்

டெக்கான் கல்லூரியில் முதலிடம் பெற்றவருக்கு இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் ஒன்று உண்டு. புள்ளிகளின்படி அது கொர்னேலியாவுக்கே உரியது. ஆனால் அவர் பெண் என்பதால் அதை வழங்க மறுத்துவிட்டார்கள். பரீட்சை எழுத அனுமதித்த கைகளே பரிசை எடுத்து ஒளித்துக்கொண்டன. இந்த அநீதி பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில்கூடக் கேள்வி எழுப்பப்பட்டது. எனினும் தீர்ப்பு மாறவில்லை.

இருபத்தொரு வயதுப் பெண்ணின் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! எனினும் அவர் அழுதுகொண்டு வீட்டிலே இருக்கவில்லை. அகமதாபாத்திலுள்ள குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பதவியை ஏற்றுக்கொண்டு போனார். அங்கேயும் மாணவர்கள் ஆண்களே. கதவைச் சாத்திய மாணவர்களோடு இருந்து படித்தவர், இப்போது அவர்களைப் போன்ற இளைஞர்களுக்கு ஆசிரியராக மேடையில் நின்றார். சம்பாதித்துப் பணம் சேர்த்து இங்கிலாந்து போகவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

முகமறியாத பெண்கள் சேர்த்த நிதி

இந்த வேளையில்தான் இங்கிலாந்தில் ஹொப்ஹவுஸ் சீமாட்டி இவருக்காக முன்வந்தார். அவருடைய கணவர் ஒருகாலத்தில் இந்திய வைஸ்ரோயின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். ஆகவே இந்திய நிலைமை அவ்வம்மையாருக்குப் புதிதல்ல. 1888 இல் அவர் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், திறமையுள்ள ஓர் இந்திய மாணவிக்கு நேர்ந்த அநீதியை விளக்கி நிதியுதவி கோரினார். பணம் வந்தது. நன்கொடை கொடுத்தவர்களுள் தாதியர் சேவையின் தாயெனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும் ஒருவர்.

அரசாங்கம் கொடுக்க மறுத்ததை நல்ல மனம் படைத்த தனிமனிதர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். அவர்களுட் பெரும்பாலானோர் கொர்னேலியாவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சங்கத்தின் உதவிநிதிதான் நினைவுக்கு வரும். தூர தேசத்திலிருந்து ஒரு பழைய மாணவி அனுப்பும் சிறு தொகை, தான் ஒருபோதும் சந்திக்காத ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணமாக மாறுகிறதல்லவா?

ஒக்ஸ்போர்டில் இரண்டு வாசல்கள்

1889 இல் கொர்னேலியா கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அந்நாளைய ஒக்ஸ்போர்டில் பெண்களுக்கென இருந்தவை சில மண்டபங்களே. அவற்றுள் முக்கியமான இரண்டும் 1879 இல் ஆரம்பமானவை. லேடி மார்கரெட் மண்டபம் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்கைத் தழுவி நடந்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த விஞ்ஞான அறிஞர் மேரி சமர்வில் அம்மையாரின் பெயரைத் தாங்கிய சமர்வில் மண்டபமோ எந்தச் சபைக்கும் சமயத்துக்கும் உட்படாமல், தகுதியுள்ள எவரையும் சேர்த்துக்கொள்ளும் இடமாக நிறுவப்பட்டது.

கொர்னேலியா இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். எனவே முதலாவது வாசல் அவருக்கு இயல்பாகவே பொருந்தியிருக்கும். ஆனால் அவர் சேர்ந்தது சமர்வில் மண்டபத்தில். அங்கே கல்வி கற்ற முதல் இந்தியப் பெண் அவரே. கிறிஸ்தவர் என்பதற்காக இரக்கம் காட்டிச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளையாக அல்லாமல், தகுதிக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட மாணவியாக அங்கே இருக்க முடிந்தது. அவர் தம் விசுவாசத்தைக் கைவிட்டாரா என்றால், அதுவுமில்லை. கடைசிவரை உறுதியான கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

இவ்விடத்தில் நம் கிறிஸ்தவப் பெற்றோர் சற்று நின்று யோசிக்கலாம். பிள்ளையின் விசுவாசத்தைக் காப்பது கல்லூரியின் பெயர்ப்பலகை மட்டும் அன்று. நாசிக்கிலும் பூனாவிலும் தாயும் தந்தையும் ஊட்டிய செபவாழ்வு ஒக்ஸ்போர்டிலும் அவருடன் கூடவே வந்தது.

எந்தப் பாடம்?

கல்லூரி கிடைத்தது, அடுத்து எழுந்தது பாடம் பற்றிய பிரச்சினை. ஒரு பெண்ணுக்குச் சட்டம் எதற்கு? படித்தாலும் எந்த நீதிமன்றம் அவரைப் பேச விடும்? நலம் விரும்பிகள் கேட்டது நியாயமான கேள்விதான். அக்காலத்தில் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பெண் எவரும் வழக்கறிஞராகப் பதிய முடியாது. இலக்கியம் படித்து ஆசிரியையாவது பாதுகாப்பான வழி. அதற்குத்தான் முதலில் ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது.

கொர்னேலியா தம் சிறுவயதில் வாசலில் வந்து நின்ற அந்தக் கைம்பெண்ணை மறக்கவில்லை. சட்டமே படிப்பேன் என்று நின்றார். பேலியல் கல்லூரித் தலைவரான முதுபெரும் அறிஞர் பெஞ்சமின் ஜோவெட் அவருக்குத் துணைநின்றார். சட்ட அறிஞர்களான டைசி, பொலொக் போன்றோரிடம் பாடம் கேட்கும் பேறு கிடைத்தது. ஓல் சோல்ஸ் கல்லூரித் தலைவரான சேர் வில்லியம் அன்சன், புகழ்பெற்ற கொட்ரிங்டன் நூலகத்தில் அவர் இருந்து படிக்க 1890 இல் அனுமதி வழங்கினார். அந்நூலகத்தில் வாசகராக அனுமதிக்கப்பட்ட முதற் பெண் கொர்னேலியாவே.

1892 இல் பீ.சி.எல். எனப்படும் சட்டப் பட்டத்துக்கான பரீட்சை வந்தது. அது ஆண்களே எழுத அஞ்சும் கடினமான பரீட்சை. பெண்ணொருவரின் விடைத்தாளைத் திருத்துவதா என்று ஆட்சேபித்தோரும் இருந்தனர். சமர்வில் மண்டபத்திலேயே தனியாக இருந்து எழுதலாம் என்ற யோசனை சொல்லப்பட்டது. கொர்னேலியா அதற்கு இணங்கவில்லை. தனியறையில் எழுதிய பரீட்சைக்கு நாடு திரும்பிய பின் மதிப்பிராது. மற்றவர்கள் எழுதும் அதே மண்டபத்தில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகம் அவருக்கென்று விசேட தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி இடங்கொடுத்தது. ஒக்ஸ்போர்டில் அப்பரீட்சையை எழுதிய முதற் பெண் என்ற வரலாறு அப்படி உண்டானது.

பெறுபேறு மூன்றாம் வகுப்பு. இதை மறைக்கவேண்டியதில்லை. பூனாவில் முதலிடத்தில் நின்றவருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்த நம் மாணவியர் பல்கலைக்கழகம் சென்று முதன்முறையாகக் குறைந்த புள்ளி பெறும்போது உலகமே இருண்டுவிட்டதாக நினைப்பதுண்டு. அவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரும். கொர்னேலியா செய்த பணியை எடைபோடும் எவரும் இன்று அந்த வகுப்பைக் கேட்பதில்லை.

சித்தியடைந்தும் பட்டம் கையில் கிடைக்கவில்லை. பெண்கள் பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் பெற முடியாது என்பதே அன்றைய ஒக்ஸ்போர்டின் விதி.

திரைக்கு அப்பால்

லண்டனில் ஒரு சொலிசிற்றர் நிறுவனத்தில், நம்மூரில் முன்னர் பிரக்கிராசிமார் செய்துவந்த வகையான வேலைகளைப் பழகிக்கொண்டு, 1893 இல் கொர்னேலியா இந்தியா திரும்பினார். அங்கேயும் கதவுகள் மூடியே இருந்தன. ஒக்ஸ்போர்டில் படித்தது போதாதென்றால் இங்கேயே எழுதுகிறேன் என்று 1897 இல் பம்பாயில் சட்டப் பட்டப் பரீட்சையில் சித்தியடைந்தார். 1899 இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இவ்வளவு இருந்தும் பெண் என்ற காரணத்தால் அவரைப் பதிந்துகொள்ள மறுத்தார்கள். சுதேச சமஸ்தானங்களின் நீதிமன்றங்களில் விசேட அனுமதி பெற்றுச் சில வழக்குகளைப் பேசினார்.

பிறகு அவரே ஒரு வழியைக் கண்டுபிடித்து அரசாங்கத்திடம் முன்வைத்தார். கணவனை இழந்த பெண்கள், தகப்பனில்லாத சிறுவர்கள் ஆகியோரின் பெருஞ்சொத்துகளை நிருவகிக்க வங்காளத்தில் அரசாங்கத் திணைக்களம் ஒன்று இருந்தது. அதன் அதிகாரிகள் எல்லோரும் ஆண்கள். திரைமறைவில் வாழும் பெண்களோ அவர்களோடு பேசமாட்டார்கள். இடையில் நின்று ஏமாற்றும் காரியஸ்தர்களுக்கு இதைவிட வசதியான நிலை வேறென்ன வேண்டும்? அத்திணைக்களத்துக்குப் பெண் சட்ட ஆலோசகர் ஒருவர் தேவை என்று பல ஆண்டுகள் வாதாடி, 1904 இல் அப்பதவியைத் தாமே பெற்றார்.

வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் எனப் பரந்த பிரதேசத்தில் பல்லக்கிலும் படகிலும் ரயிலிலும் யானைமேலும் பிரயாணம் செய்து அந்தப்புரங்களைத் தேடிப் போனார். ஏறக்குறைய 600 பெண்களும் பிள்ளைகளும் அவரால் உதவி பெற்றார்கள் என்பர். ஒருவருக்கு இழந்த சொத்து, இன்னொருவருக்குக் கிடைக்காதிருந்த ஜீவனாம்சம், சிறுவனொருவனுக்குப் பாடசாலைப் படிப்பு, விதவையொருத்திக்குத் தாதிப் பயிற்சி என அவர் செய்தவை பல. அப்பெண்களுட் பெரும்பாலானோர் வைதீக இந்துக்கள். தம் வீட்டு ஆசாரத்தை ஒரு கிறிஸ்தவப் பெண் மதிப்பாளா என்ற பயம் அவர்களுக்கு முதலில் இருந்தது. கொர்னேலியா அவர்களுடைய பூசையறை வாசலில் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றார். அவர்களை மதம் மாற்ற முயலவில்லை. தாயின் பாடசாலையில் பல சமயப் பிள்ளைகளோடு வளர்ந்ததன் பயன் இங்கே தெரிந்தது.

1909 இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. திரைமறைவுப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றிப் பல நூல்களை எழுதினார். 1934 இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

குறையும் நிறையும்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது குறைகளை விட்டுவிடுவது வழக்கம். கொர்னேலியா அம்மையார் அப்படி ஒளித்துக் காட்டவேண்டிய சிறிய மனிதர் அல்லர். அவர் பிரித்தானிய ஆட்சியில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். காந்தியடிகளின் இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். 1927 இல் இந்தியாவை இழிவுபடுத்தி நூலெழுதிய கதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு ஆதரவாகவும் நின்றார். இதனால் தம் நாட்டின் இளந்தலைமுறைப் பெண்களின் அன்பை இழந்தார். அவர் திறந்துவிட்ட கதவால் உள்ளே வந்த பெண்கள் அவரைத் தம் தலைவியாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவரை அதிகம் பேசாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று நாம் அவருடைய அரசியலை ஏற்காமலே அவருடைய உழைப்புக்கு நன்றி சொல்லலாம்.

முப்பது வருடம் கழித்து வந்த பட்டம்

1919 இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. சட்டத்தொழில் பெண்களுக்கும் திறந்தது. 1920 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. கொர்னேலியா மீண்டும் கடல் கடந்தார். 1892 இல் எழுதிய பரீட்சைக்குரிய பட்டத்தை 1922 இல் பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 55. பேரப்பிள்ளையின் பட்டமளிப்புக்குப் போகும் வயதில் தம் சொந்தப் பட்டமளிப்பு. அதன்பின் லண்டன் லிங்கன்ஸ் இன் மூலம் பாரிஸ்டராகி, 1924 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1929 இல் ஓய்வு பெற்று லண்டனில் வாழ்ந்து, 1954 ஜூலை 6 ஆம் திகதி 87 ஆவது வயதில் காலமானார். அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று 2012 இல் லிங்கன்ஸ் இன்னில் திறந்து வைக்கப்பட்டது.

நமக்கு

கல்லூரியின் புகழைப் பார்த்துத் தெரிவு செய்யும் காலம் இது. தரவரிசைப் பட்டியலைக் கணினியில் புரட்டிப் பார்க்கிறோம். அது தவறல்ல. ஆனால் கொர்னேலியாவின் வாழ்க்கையை முழுவதும் பார்த்தால், அவர் தெரிவு செய்த இடங்கள் ஒவ்வொன்றும் அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் குறைவான இடங்களே. டெக்கான் கல்லூரி அவரை வரவேற்கவில்லை. குஜராத் கல்லூரி ஓர் இடைத்தங்கல். ஒக்ஸ்போர்ட் படிப்பைக் கொடுத்துப் பட்டத்தைத் தடுத்துவைத்தது. எந்தக் கல்லூரியும் அவருக்கென்று ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. இருந்தும் அவர் வழிதவறவில்லை. ஏனென்றால் யாருக்காகப் படிக்கிறோம் என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார்.

ஆகவே நம் மகளோ பேத்தியோ பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி என்று கேட்கும்போது, பட்டியலை விரிப்பதற்கு முன் இன்னொரு கேள்வியையும் அன்போடு கேட்டுப் பார்ப்போம். உன் வாசலில் வந்து நின்ற அந்த மனிதர் யார்? பிள்ளைக்கு உடனே விடை தெரியாமல் இருக்கலாம். தெரியும்வரை அவளோடு கூட இருப்போம். விடை தெரிந்தும் வழியில்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு, ஹொப்ஹவுஸ் சீமாட்டியின் கடிதத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பிய அந்த முகமறியாத பெண்களைப் போல நம் சங்கமும் தொடர்ந்து கைகொடுக்கட்டும். நூறு வருடங்களாக அதைத்தானே செய்து வருகிறோம்.